அதிகாரி காலில் மின்னிய பூட்ஸ்... பழனி மலையில் பரவிய வாட்டில் மரம்: இரண்டுக்கும் என்ன தொடர்பு? முழு விளக்கம்

கொடைக்கானலுக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கிறது வெள்ளகவி கிராமம். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊர் முழுக்க கோயில்கள் என்பதால், ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள் அந்த மக்கள். வெளியூரில் இருந்து வருபவர்களும் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இந்த வெள்ளகவியில் தங்கித்தான் 1821-ல் ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி மேலே ஏறினார். பெயர் லெப்டினன்ட் பி.எஸ்.வார்டு. நில அளவைக்காக வந்தவர். இன்றைக்குக் கொடைக்கானல் என்று நாம் சொல்லும் மலை உச்சிப் பகுதியைப் பற்றி ஆங்கிலேய அரசுக்கு முதலில் அறிக்கை கொடுத்தவர்.

அவருக்குப் பின்னால் வரிசையாக ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். கோக்கர்ஸ் வாக், லாஸ் காட் ரோடு, ஃபோர்ட் ஹாமில்டன் என்று இன்றும் அவர்களின் பெயர்கள் மலையில் நிற்கின்றன. அவர்கள் விட்டுச்சென்ற பொருட்களில் இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்கள் தேடும் ஒன்று, அதிகாரிகள் விழாக்களுக்கு அணிந்த 'டிரெஸ் பூட்ஸ்'.

பழைய பூட்ஸில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தத் தோல் எப்படி உருவானது என்று பின்னோக்கிப் போனால், கதை திண்டுக்கல் தோல் ஷாப்புகளிலும், பழனி மலையின் புல்வெளிகளிலும், நாம் குடிக்கும் தண்ணீரிலும் வந்து நிற்கிறது.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• அதிகாரிகளின் டிரெஸ் பூட்ஸ் அரசு கொடுத்தது அல்ல. அவரவர் சொந்தக் காசில், சொந்தக் கால் அளவில் தைத்துக்கொண்டது.

• பூட்ஸ் தோலைப் பதப்படுத்த மரப்பட்டை தேவை. தமிழ்நாட்டில் அதற்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது.

• பின்னர் அந்த இடத்துக்கு வந்தது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாட்டில் மரத்தின் பட்டை.

• தோல் தொழிலுக்காக பழனி மலையிலும் நீலகிரியிலும் வாட்டில் தோட்டங்கள் பெரிய அளவில் உருவாக்கப்பட்டன.

• தேவை குறைந்தது. மரம் மட்டும் நிற்கவில்லை, பரவிக்கொண்டே போகிறது.

டிரெஸ் பூட்ஸ் என்றால் என்ன?

ராணுவத்தில் காலணி என்பது ஒரே வகை கிடையாது. போர்க்களத்துக்கு ஒன்று, அணிவகுப்புக்கு ஒன்று, குதிரை ஏறுவதற்கு ஒன்று, இரவு விருந்துக்கு ஒன்று. இதில் அணிவகுப்பு, தர்பார், விருந்து போன்ற சடங்குகளுக்காக அணிவதுதான் டிரெஸ் பூட்ஸ்.

சாதாரணச் சிப்பாய்க்கு பூட்ஸ் அரசாங்கக் கிடங்கில் இருந்து வரும். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்பட்டது. அடியில் லாடமும் ஆணியும் அடித்திருக்கும். அதிகாரிக்கு அப்படி இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி தன் சீருடையைத் தானே வாங்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் லண்டனிலோ மெட்ராஸிலோ ஒரு நல்ல காலணிக் கலைஞரிடம் போய் அளவு கொடுப்பார். அவர் காலைப் போலவே மரத்தில் ஒரு கட்டை செதுக்கி, அதன் மேல் தோலை இழுத்துத் தைப்பார்கள். 'லாஸ்ட்' என்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் இன்றும் சொல்வது இந்தக் கட்டையைத்தான்.

பளபளப்பு தனி வேலை. கறுப்பு மெழுகைத் துளித்துளியாகத் தேய்த்து, ஈரம் தொட்டு, மறுபடி தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் அதிகாரி அல்ல, அவருக்கு ஒதுக்கப்பட்ட ஆர்டர்லி.

என்னென்ன வகைகள்?

ஹெசியன் பூட்ஸ்: 18-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரபலமானது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதி வீரர்களின் பெயரில் வந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயரம், முன்பக்கம் 'வி' வடிவ வெட்டு, அதில் ஒரு குஞ்சம்.

வெலிங்டன் பூட்ஸ்: ஹெசியன் பூட்ஸில் இருந்த குஞ்சத்தையும் அலங்காரத்தையும் எடுத்துவிட்டு, காலோடு ஒட்டினாற்போல் செய்து தரச் சொன்னார் வெலிங்டன் பிரபு. செய்து கொடுத்தவர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இருந்த ஹோபி என்ற காலணிக் கலைஞர். இந்த வெலிங்டன் யார் தெரியுமா? 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்கேற்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான். குன்னூர் அருகே இருக்கும் வெலிங்டன் கன்டோன்மென்ட்டுக்கும் அவர் பெயர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. இன்றைக்கு மழைக்காலத்தில் போடும் ரப்பர் 'கம் பூட்ஸ்'க்கு வெளிநாட்டில் வெலிங்டன் என்று பெயர் வந்ததும் இவரால்தான்.

நெப்போலியன் பூட்ஸ்: முன்பக்கம் முழங்காலைத் தாண்டி உயர்ந்து நிற்கும் குதிரைப்படை பூட்ஸ். குடியரசு தின அணிவகுப்பில் குடியரசுத் தலைவரின் காரைச் சுற்றிக் குதிரையில் வரும் மெய்க்காவல் படையினரின் காலைக் கவனித்தால் இது தெரியும். 1773-ல் தொடங்கப்பட்ட படை அது.

ஜார்ஜ் பூட்ஸ்: கணுக்கால் வரை மட்டும் உயரம், கயிறு கட்டும் வகை. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ் பெயரில் வழங்குகிறது. இரவு விருந்துச் சீருடையோடு அணிவது.

ஜோத்பூர் பூட்ஸ்: குதிரை ஏறுவதற்கான குட்டை பூட்ஸ். பெயரே சொல்கிறது, இது ராஜஸ்தானின் ஜோத்பூரோடு சேர்ந்தது.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலீஸ்காரர்கள் காலில் சுற்றிக்கொண்டிருந்த 'பட்டீஸ்' நினைவிருக்கிறதா? 'பட்டி' என்ற இந்திய வார்த்தைதான் அது. இந்தியாவில் இருந்துதான் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே போனது. அதேபோல், அதிகாரிகள் குறுக்காக அணியும் சாம் பிரவுன் பெல்ட்டும் இந்தியாவில் பிறந்தது. 1858-ல் இங்கே நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரவுன் என்ற அதிகாரி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக வடிவமைத்துக்கொண்டது.

கொடைக்கானலில் ராணுவ அதிகாரிகளின் தடம்

வார்டு வந்தபோது மலை காலியாக இல்லை. பளியர், புலையர், குன்னுவர் என்று பல சமூகங்கள் ஏற்கெனவே மலையில் வாழ்ந்துவந்தன. அவர் ஏறத் தொடங்கிய வெள்ளகவியே ஒரு குன்னுவர் கிராமம்தான். தாண்டிக்குடி பக்கம் உள்ள கல்திட்டைகள், மனிதர்கள் இங்கே எவ்வளவு பழையவர்கள் என்பதற்குச் சாட்சி. அதிகாரிகள் செய்தது, அந்த மலையை வரைபடத்தில் ஏற்றி, தங்களுக்கான கோடைவாசஸ்தலமாக மாற்றியது.

1821: லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்தார்.

1852: பம்பாய் ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் இங்கே வீடு கட்டிக் குடியேறினார். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ், வாட்டில் மரங்களை கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தவர் என்று உள்ளூர் வரலாறு இவரைத்தான் குறிப்பிடுகிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1860-கள்: மெட்ராஸ் காலாட்படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன், படைவீரர்களுக்கான ஓய்வு இல்லம் அமைக்க முடியுமா என்ற கோணத்தில் மலையை ஆராய்ந்தார். பேரிஜம் பக்கம் உள்ள ஃபோர்ட் ஹாமில்டன் அவர் பெயரில் நிற்கிறது. பெயரில் 'ஃபோர்ட்' இருந்தாலும் அங்கே கோட்டை கிடையாது.

1863: மதுரை கலெக்டர் லெவின்ஜ் ஏரியை உருவாக்கினார். இவர் ராணுவத்தவர் அல்ல, சிவில் அதிகாரி.

1872: ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் கோக்கர், மலை விளிம்பை ஒட்டி நடைபாதை அமைத்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் கோக்கர்ஸ் வாக் அதுதான்.

1875: வத்தலக்குண்டு பக்கமிருந்து வண்டிப்பாதை அமைக்க மேஜர் லா திட்டமிட்டார். தாது வருஷப் பஞ்சம் உள்ளிட்ட காரணங்களால் வேலை இழுத்தது. 1914-ல்தான் சாலை முடிந்தது.

அதுவரை எப்படி மேலே வந்தார்கள்? பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்து குதிரையில், அல்லது டோலியில். டோலியைச் சுமந்தவர்கள் உள்ளூர்க் கூலித் தொழிலாளர்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் காலில் பூட்ஸ். கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் ஏறியவர்கள் பெரும்பாலும் வெறுங்கால். கொடைக்கானலின் ஆரம்ப வரலாறு இந்த இரண்டு வகைக் கால்களாலும் எழுதப்பட்டது. பெயர்ப் பலகையில் இருப்பது ஒரு வகை மட்டும்.

வெறும் காலணியா, அதிகாரமா?

தோல் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. 1806 ஜூலை 10 வேலூர் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய சீருடை விதிகளைக் கொண்டுவந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் பதித்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பையும் கொதிக்க வைத்தது. திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்ததும், சிப்பாய்களிடம் ஏற்கெனவே இருந்த கோபமும் சேர்ந்துகொண்டன. புரட்சி வெடித்தது. அடக்கப்பட்ட பிறகு கிரடாக்கும், கவர்னர் வில்லியம் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒரு துண்டுத் தோல், ஒரு அரசாங்கத்தையே ஆட்டிப் பார்த்தது.

அடுத்தது 'செருப்புப் பிரச்னை'. ஆங்கிலேய அதிகாரி முன்னால் இந்தியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதிகாரி மட்டும் பூட்ஸோடு உட்கார்ந்திருப்பார். 1854-ல் டல்ஹவுசி காலத்தில் இந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. ஐரோப்பிய பாணி பூட்ஸும் காலுறையும் அணிந்து வரும் இந்தியர்கள், அரசு நிகழ்ச்சிகளில் அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை என்றார்கள். பின்னர் இது மேலும் விரிவானது. அதாவது, உங்கள் ஊர்ச் செருப்பு என்றால் வாசலில். எங்கள் ஊர் பூட்ஸ் என்றால் உள்ளே!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பூட்ஸ் அணிந்தவருக்கு மரியாதை. அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, தைத்துக் கொடுத்தவர்களுக்குத் தீண்டாமை. அருந்ததியர் உள்ளிட்ட தலித் சமூகங்கள்தான் தோல் வேலையின் சுமையைத் தூக்கின. பல கிராமங்களில், செருப்பு தைத்துக் கொடுத்தவரே ஆதிக்க சாதித் தெருவில் செருப்பு போட்டு நடக்க முடியாத நிலை இருந்தது. டிரெஸ் பூட்ஸின் பாரம்பரியம் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதைதான்.

தோல் எப்படி பூட்ஸ் ஆனது?

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதைத் தடுப்பதுதான் பதனிடுதல். பழைய முறை இதுதான்:

• முதலில் உப்பு நீக்கிக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து முடியை எடுப்பார்கள்.

• சதையைச் சுரண்டுவார்கள்.

• பிறகு மரப்பட்டை ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டையில் இருக்கும் 'டானின்' என்ற துவர்ப்புப் பொருள், தோலில் உள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். அதன்பின் தோல் அழுகாது, வளையும், உழைக்கும்.

• கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை. நிறம் நிற்க இது உதவும்.

டீ குடித்த பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பு ஒட்டுகிறதே, அதே வகைப் பொருள்தான் டானின்.

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. வறண்ட நிலத்தில் தானாக வளரும் ஆவாரஞ்செடி, மலைக்காடுகளில் கிடைக்கும் கடுக்காய், நிறைய கால்நடை... மூன்றும் இருந்ததால் திண்டுக்கல், திருச்சி, ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் ஊர்கள் உருவாயின. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மெட்ராஸ் மாட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்று தனிப் பெயரே உண்டு. மெட்ராஸில் இருந்து கப்பலேறும் பதனிட்ட தோல், இங்கிலாந்தில் காலணியாக மாறியது.

முதல் உலகப் போர் வந்ததும் இதன் மவுசு எங்கேயோ போய்விட்டது. பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பகுதிக்கு, அதாவது 'அப்பர்' செய்வதற்கு, இந்த கிப் தோல் தேவைப்பட்டது. அரசாங்கமே தோல் வர்த்தகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. வடக்கே கான்பூரில் ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலையும், கூப்பர் ஆலன் போன்ற பூட்ஸ் ஆலைகளும் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. ஆக, 'பிரிட்டிஷ் பூட்ஸ்' என்று நாம் நினைப்பதில் எத்தனையோ ஜோடி, தோலால் பார்த்தால் நம்ம ஊர் பூட்ஸ்தான்.

வாட்டில் எப்படி உள்ளே வந்தது?

இங்கேதான் மேஜர் பார்ட்ரிட்ஜ் காலத்து மரம் மறுபடி வருகிறது.

ஆவாரம்பட்டை நல்ல பொருள்தான். ஆனால் செடி சிறியது. பட்டை சேகரிக்கக் கைவேலை அதிகம். தேவை ஏற ஏற, விலையும் ஏறியது. கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டையில் டானின் ஆவாரம்பட்டையைவிட அதிகம். வேகமாக வளரும் மரம், ஒரே இடத்தில் டன் கணக்கில் பட்டை. தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே பெரிய தோட்டங்கள் இருந்தன. இந்தியத் தோல் ஆலைகள் அங்கிருந்து இறக்குமதி செய்யத் தொடங்கின.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு யோசித்தது: 'இதை ஏன் வெளிநாட்டில் வாங்க வேண்டும்? நம்ம மலையிலேயே வளர்க்கலாமே!' குளிர்ந்த, உயரமான இடம் வேண்டும். நீலகிரி, பழனி மலை இரண்டும் பொருத்தம். அங்கே பரந்து கிடந்த புல்வெளிகள், அன்றைய கண்ணுக்கு 'சும்மா கிடக்கும் நிலம்'. மரம் இல்லாத இடம் வீண் என்ற எண்ணம். வனத்துறை வாட்டிலையும், கூடவே யூகலிப்டஸ், பைன் மரங்களையும் வரிசையாக நட்டது. நோக்கம் தெளிவு: தோல் தொழிலுக்குப் பட்டை, ஆலைகளுக்குக் கூழ்மரம், மக்களுக்கு விறகு.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஆனால் கணக்கு தப்பியது.

எங்கே தப்பியது?

முதல் காரணம், தொழில்நுட்பம். 1903-லேயே மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோமில் மிகக் குறைந்த நேரத்தில் முடியும். 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. படிப்படியாக குரோம் முறை ஆதிக்கம் செலுத்தியது. வாட்டில் பட்டைக்கான தேவை சரிந்தது.

இரண்டாவது காரணம், மரத்தின் குணம். வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். காட்டுத்தீ வந்தால் அழியாது. மாறாக, அந்தச் சூட்டில்தான் கூட்டமாக முளைக்கும். மரத்தை வெட்டினால் வெளிச்சம் பட்டு இன்னும் ஆயிரம் கன்று. வேர், காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், குறைந்த சத்தில் வாழப் பழகிய புல்லுக்கு அந்த மண்ணே அந்நியமாகிவிடுகிறது. நட்ட இடத்தோடு நிற்காமல், நடாத புல்வெளிக்குள்ளும் போகிறது.

விளைவு? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, சுமார் 40 ஆண்டுகளில் அங்குள்ள சோலைப் புல்வெளிகள் 66 சதவீதமும், சோலைக் காடுகள் 31 சதவீதமும் குறைந்துவிட்டதாகச் சொன்னது.

புல்வெளி போனால் என்ன?

காடு போனால் கவலைப்படுகிறோம். புல்தானே என்று விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

தண்ணீர்: மலை உச்சிப் புல்வெளி ஒரு பஞ்சு மாதிரி. மழையை உறிஞ்சி, கோடையிலும் ஓடையாகக் கசியவிடும். பழனி பக்கம் இறங்கும் பொருந்தலாறு, குதிரையாறு, பெரியகுளம் பக்கம் ஓடும் ஓடைகள் எல்லாவற்றுக்கும் பிறப்பிடம் இந்த மலைதான். அடிவாரத்தில் நெல்லும் வாழையும் போடும் விவசாயிக்கும், குழாயைத் திறக்கும் குடும்பத்துக்கும் இது நேரடி விஷயம்.

குறிஞ்சி: 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி புல்வெளிச் செடி. கொடைக்கானலில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்து 2030. நிழல் விழும் வாட்டில் காட்டுக்குள் அதற்கு இடமில்லை.

உயிர்கள்: தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு புல்வெளியில் மேய்வது. புல் சுருங்கினால் அதன் உலகமும் சுருங்கும்.

சமவெளியில் இன்னொரு விலை கொடுத்தோம். தோல் ஆலைக் கழிவுநீர் திண்டுக்கல், வேலூர் உள்ளிட்ட பகுதிகளில் நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவில் திண்டுக்கல் மாவட்டமும் இருந்தது.

அப்போ வாட்டிலை வெட்டிவிடலாமே?

கேட்க எளிது. செய்வது கஷ்டம்.

• மொத்தமாக வெட்டினால், மண்ணில் தூங்கும் விதைகள் ஒரே நேரத்தில் முளைக்கும். வெட்டிய இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும்.

• சில பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளரத் தொடங்கியிருக்கின்றன. அங்கே வெட்டினால், திரும்பி வரும் சோலையையும் சேர்த்து வெட்டுவோம்.

• சரிவில் மரத்தை இழுக்க இயந்திரம் கொண்டுபோனால் மண் அரிக்கும்.

அதனால் சூழலியலாளர்கள் சொல்வது: முதலில் மிச்சமிருக்கும் புல்வெளியைக் காப்பாற்று. அதன் விளிம்பில் நுழையும் சின்ன வாட்டில் கன்றுகளை உடனே எடு. சோலை திரும்பும் இடத்தைத் தொடாதே. எந்த இடத்தில் எது என்று பார்த்து முடிவெடு.

அரசுத் தரப்பில், 1988 தேசிய வனக் கொள்கை காடுகளைத் தொழிற்சாலைக்கான கிடங்காகப் பார்க்கும் போக்கை மாற்றியது. 2013-ல் சுமார் 609 சதுர கி.மீ. பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றி, இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. வாட்டிலும் அதன் இலக்குகளில் ஒன்று.

வீட்டில் பழைய ராணுவ பூட்ஸ் இருந்தால் என்ன செய்வது?

தாத்தா பட்டாளத்தில் இருந்தவர், பரணில் ஒரு ஜோடி கிடக்கிறது என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடையாளம் காண்பது எப்படி?

• உள்பக்கத்திலோ அடியிலோ அம்பு முத்திரை இருந்தால், அது அரசு வழங்கிய பூட்ஸ். காலணிக் கடையின் பெயரும் கையால் எழுதிய பெயரும் இருந்தால், அதிகாரி சொந்தமாகத் தைத்தது என்பதற்கான வாய்ப்பு அதிகம்.

• குதிகாலில் சின்னப் பெட்டி போன்ற துளை இருந்தால், அது குதிமுள் செருகும் இடம். குதிரைப்படை அல்லது விருந்துச் சீருடையோடு தொடர்புடையது.

• சோலில் மர ஆணிகளோ கைத்தையலோ இருந்தால் பழமைக்கு அறிகுறி. ஒட்டிய ரப்பர் சோல், நைலான் நூல் என்றால் பிற்காலத்தது, அல்லது பின்னால் பழுது பார்த்தது.

• பூட்ஸுக்குள் வைக்கும் மரக்கட்டை கூடவே இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். ஜோடியின் மதிப்பில் அதுவும் சேர்த்தி.

பராமரிப்பது எப்படி?

• கொடைக்கானல் மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில் முதல் எதிரி பூஞ்சை. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

• வெயிலில் காயவைப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது இரண்டும் தப்பு. தோல் வெடித்துவிடும்.

• தொட்டால் செம்மண் மாதிரி பொடி ஒட்டுகிறதா? அதற்கு 'ரெட் ராட்' என்று பெயர். மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோல், காற்று மாசால் சிதைவது. இதற்குத் தண்ணீரோ எண்ணெயோ போட்டால் நிலைமை மோசமாகும். அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுவதே நல்லது.

• அடிப்படைக் கவனிப்பு: மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது, உள்ளே கட்டையோ அமிலமில்லாத காகிதமோ வைத்து வடிவம் காப்பது. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

100 ஆண்டுகளைத் தாண்டிய, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருட்கள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. ஆன்லைனில் வெளிநாட்டவர் கேட்கிறார் என்று உடனே பார்சல் கட்டிவிடக் கூடாது.

பழைய ராணுவப் பொருளைச் சேகரிப்பது குற்றமில்லை. ஆனால் ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி தண்டனைக்குரியது. ரீல்ஸ் எடுப்பவர்கள் கவனிக்க.

பழைய படைச் சீருடைகள், ஆயுதங்கள், பதக்கங்களைப் பார்க்க நினைப்பவர்கள், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

அதிகாரிகளின் பூட்ஸ் இன்று சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டது. ராணுவமும் வேறு வகைக் காலணிக்கு மாறிவிட்டது. தோல் தொழிலும் குரோமுக்கு மாறி, இப்போது குரோமின் மாசு காரணமாக மறுபடி தாவரப் பதனிடுதலைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது. அந்தத் தேவை பெரிதானால், பட்டை எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்வி திரும்ப வரும். வறண்ட நிலத்தில் தானாக வளரும் ஆவாரைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கலாம். புல்வெளியில் மீண்டும் மரம் நடுவது மட்டும் பதிலாக இருக்க முடியாது.

கொடைக்கானல் போகிறவர்கள் மன்னவனூர், பேரிஜம் பக்கம் செல்லும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அடர்ந்த பச்சையாக, மஞ்சள் பூவோடு அழகாகத் தெரிகிற எல்லாமே இயற்கைக் காடு அல்ல. அதற்கு நடுவே மரமே இல்லாமல் கிடக்கிற புல் மேடுதான் மலையின் பழைய முகம். 2030-ல் குறிஞ்சி பூக்க வேண்டிய இடமும் அதுதான். அதற்குள் எவ்வளவு புல்வெளி மிச்சமிருக்கும் என்பது, அடுத்த சில ஆண்டுகளில் வாட்டில் அகற்றும் பணி எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது.